குடத்துக்குள் கேட்ட சத்தம்

செம்பனைக் குலையை வெட்டினால் 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்க வேண்டும். நேரம் தள்ளத் தள்ளப் பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறும், எண்ணெயின் தரம் இறங்கும். மழை பெய்த மறுநாள் பகாவ் பக்கத்துச் செம்மண் சரிவுகளில் ஏறி குலைகளை இறக்கி வர நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியால்தான் முடியும். அது படுத்துவிட்டால் அன்றைய வெட்டு முழுவதும் பாதையோரம் கிடக்கும். எனவே இங்கே வண்டி வேலை தெரிந்தவரின் வீட்டு வாசலில் விடியுமுன்பே ஆள் நிற்கிறது.

அப்படி ஒரு வீட்டைத் தேடித்தான் சிரம்பானிலிருந்து புக்கிட் புத்துஸ் மலையைத் தாண்டி, கோலா பிலா வழியாகப் போனேன். வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதன் சிமெண்டுத் தரையில் தொண்ணூறுகளின் ஹைலக்ஸ் வண்டி ஒன்று நின்றது, குலை ஏற்றும் குத்தகைக்காரருடையது. அங்கே வண்டி வேலை பார்க்கும் ஃபோர்மேன் அண்ணனுக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். அப்பா, அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். இவர் பள்ளிக்கூடத்தை விட்டதும் தோட்டத்துப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர்.

வண்டியைத் தொடுவதற்கு முன் அதை ஓட்டிப் பார்த்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேகம் ஏற ஏற ஓர் உறுமல் கேட்டது. இடப்பக்கம் வளைத்தபோது அது கூடியது, வலப்பக்கம் வளைத்தபோது அடங்கியது. "சோத்துக்கைப் பக்கம்தான் தம்பி" என்றார். இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலச் சக்கரத்தின் மேல் சாயும். சத்தம் அப்போது கூடினால் கோளாறு அங்கேதான். திரும்பி வந்து, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, சக்கர நட்டுகளைத் தரையிலேயே இளக்கிவிட்டு, முன் அச்சை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்தார். ஜாக்கை மட்டும் நம்பி எந்த வண்டிக்கடியிலும் போகக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டியபோது லேசான 'டக்' கேட்டது.

பிரேக் காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். அதன் பாரம் ரப்பர்க் குழாயில் விழுந்தால் குழாய் உள்ளே கிழியும். பிறகு நான்கு சக்கர இழுவையைப் பூட்டும் ஹப். அதன் போல்ட்டுகளைச் சுற்றிச் சின்னக் கூம்பு வாஷர்கள் இறுகியிருந்தன. பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டத் தட்ட ஒவ்வொன்றாக எகிறின. அடுத்து 54 மில்லிமீட்டர் நட்டு. இதற்கென்று உள்ள சாக்கெட் இல்லாதவர்கள் உளியை வைத்து அடித்துச் சுற்றுவதுண்டு. அப்படி அடிபட்ட நட்டின் காயங்களைத் தடவிக் காட்டியபோது அவர் முகம் வாடியது. சக்கரத்தைத் தாங்கும் குடத்தை இழுத்ததும் வெளிப் பேரிங் நழுவி விழும். அது தெரிந்தே கீழே கையை ஏந்தியிருந்தார்.

உள்ளே கிரீஸ் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தது. தண்ணீர் புகுந்ததன் அடையாளம் அது. சூடேறிய குடத்தோடு வண்டி ஓடையில் இறங்கும்போது, உள்ளிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, தேய்ந்த சீலின் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீரோடு செம்மண்ணும் போகிறது. உருளைகளின் மேல் சின்னக் குழிகள் விழுந்திருந்தன. அவை உருளும் கப்பின் ஒரு பக்கம் சூட்டில் நீலம் பாரித்திருந்தது.

இந்தக் கூம்பு உருளைப் பேரிங்குக்கு 1898இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஹென்றி டிம்கன். குதிரை வண்டி செய்யும் தொழிலில் இருந்தவர். மேலிருந்து அழுத்தும் பாரத்தோடு வளைவில் பக்கவாட்டில் தள்ளும் பாரத்தையும் சேர்த்துத் தாங்கத்தான் உருளைகள் சாய்ந்து நிற்கின்றன. ஃபோர்மேன் அண்ணன் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் சாய்வு எதற்கு என்பதை, ஒரு கோனைக் கையில் எடுத்து, இரண்டே வாக்கியத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

பழைய கப்பை எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றித் தட்டி வெளியேற்றினார். புதியதை இறக்க அந்தப் பழைய கப்பையே மேலே வைத்து அடித்தார். புதியது அடியில் போய் உட்கார்ந்ததும் சுத்தியலின் ஓசை கனத்துப் போனது, எனக்கும் தெரிந்தது. பின் கிரீஸ். உள்ளங்கையில் ஓர் உருண்டை எடுத்து, பேரிங்கின் விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுக்க, மறுபக்கம் உருளைகளுக்கிடையில் கிரீஸ் பிதுங்கி வந்தது. மேலே பூசினால் போதாது, உள்ளே ஏற வேண்டும்.

வேலையின் உயிர் கடைசி நட்டில் இருக்கிறது. முதலில் சுமார் 60 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கி, உருளைகள் தம் இடத்தில் அமரக் குடத்தை இரு பக்கமும் பலமுறை சுழற்றி, நட்டை இளக்கி, மறுபடி மெல்ல முறுக்குகிறார்கள். அதிகம் இறுக்கினால் பேரிங் வெந்துபோகும், தளர்ந்தால் அடித்தே நொறுங்கும். மீன் நிறுக்கும் சுருள் தராசைச் சக்கர போல்ட்டில் மாட்டி, குடம் அசையும் இழுவையைப் பார்த்தார். தராசு காட்டுவதற்கு முன்பே "சரியா இருக்கு" என்று அவர் கை சொல்லிவிட்டது. பூட்டு வாஷரின் காதுகளை மடக்கினார்.

இந்தக் கையைப் பற்றி நாம் எழுதவில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை. மலாயாத் தமிழர் தோட்டக் கதை என்றால் பால்வாளி, வெட்டுக்கத்தி, லயம், தோட்டத் துண்டாடல். அவை எழுதப்பட வேண்டியவை, இன்னும் எழுதப்பட வேண்டியவை. ஆனால் லோரியை, ரப்பர் பிழியும் இயந்திரத்தை, ஜெனரேட்டரை ஓட வைத்த பட்டறைத் தமிழர்கள் அந்தக் கதையில் ஓரத்தில்கூட இல்லை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகி, பட்டறைகள் மூடப்பட்டபோது அவர்கள் கற்ற கல்வியும் பெயரில்லாமல் வெளியேறியது.

புதிய ஹைலக்ஸ்கள் அந்தக் கல்வியிலிருந்து இன்னும் விலகி நிற்கின்றன. பேரிங் முழுத் தொகுதியாகவே வருகிறது. திறந்து கிரீஸ் வைக்க வழியில்லை. ஏபிஎஸ் உள்ள பல வண்டிகளில் அதன் சீலிலேயே காந்த வளையம் பதிந்திருக்கும். திருப்பி மாட்டினால் உணரி எதையும் படிக்காது, விளக்கு எரியும். பிரஸ்ஸில் அழுத்தும்போது தவறான வளையத்தில் பாரம் விழுந்தால் புதுப் பேரிங் மாட்டும் முன்பே கெட்டுவிடும். இவற்றையெல்லாம் ஃபோர்மேன் அண்ணன் தன் தங்கை மகனிடமிருந்து கற்றிருக்கிறார்.

"மாமாவுக்கு எஸ்.கே.எம். வாங்கிடணும்" என்றான் அந்தப் பையன். அது அரசின் திறன் சான்றிதழ். வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலையின் சான்றுகளைத் தொகுத்துக் காட்டி அனுபவத்தின் பேரில் பெற வழி இருக்கிறது. அந்தத் தொகுப்புதான் பெரிய மலை. எது எப்போது, எந்தக் கருவியால், என்ன பாதுகாப்போடு செய்யப்பட்டது என்று மலாயில் எழுதிக் காட்ட வேண்டும். வாழ்நாள் முழுவதும் எதையும் எழுதி வைக்காமல் வேலை செய்தவருக்கு அது எளிதல்ல. ஆகவே இப்போது பையன் ஒவ்வொரு வேலையையும் கைப்பேசியில் படம் எடுக்கிறான். வண்டியை ஓட்டிப் பார்த்து வந்ததும் குடத்தின் மேல் கை வைத்துச் சூட்டைப் பார்த்த மாமாவை, "கையை எடுக்காதீங்க" என்று நிறுத்தி அதையும் எடுத்தான். படங்களுக்கு மலாயில் விளக்கம் எழுத, பகாவில் ஓர் ஆசிரியர் சனிக்கிழமைதோறும் நேரம் ஒதுக்கியிருக்கிறார். பிரேக் வேலையை எழுதி முடித்துவிட்டார்கள். இனி பேரிங்.