மலையை வலப்புறம் வைத்து

சென்ற ஆண்டு, இங்கே திருவண்ணாமலையில், என் முதுகலை மாணவி ஒருத்தி மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பைக் கொண்டு அருணகிரிநாதரின் திருப்புகழுக்குச் சொல்லடைவு உருவாக்கப் பைத்தானில் நிரல் எழுதினாள். வீட்டு விண்டோஸ் கணினியில் ஓடிய நிரல், தேர்வாளர் முன் லினக்ஸ் கணினியில் 'கோப்பு இல்லை' என்று நின்றுவிட்டது. பாதையை 'சி' வட்டிலிருந்தே தொடங்கி எழுதக் கற்பித்தவன் நான்.

யுனிக்ஸ் வழிவந்த லினக்ஸ், கோப்புறைகளைச் சாய்கோட்டால் பிரிக்கிறது. டாஸில் அக்குறி முன்பே கட்டளை விருப்பங்களுக்குப் போய்விட்டது. 1983இல் கோப்புறைகள் வந்தபோது பின்சாய்கோட்டை எடுத்துக்கொண்டார்கள். விண்டோஸுக்கும் அதுவே வந்தது. ஆங்கிலப் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும்கூட லினக்ஸ் வேறாகவே கொள்ளும்.

கிரிவலத்துக்கு வழி கேட்பவரிடம் என் வீட்டு வாசலிலிருந்து திருப்பங்களைச் சொல்லிப் பயனில்லை. 'மலையை வலப்புறம் வைத்து நடங்கள்' என்றால் எவரும் 14 கிலோமீட்டரையும் சுற்றிவருவர். நிரலுக்கும் அவ்வாறே: அது இருக்கும் கோப்புறையிலிருந்து வழி சொல்லி, பிரிக்கும் குறியைப் பைத்தானின் பாத்லிப் நூலகத்திடம் விட்டுவிட வேண்டும்.

அப்படித் திருத்தினோம், இரண்டிலும் ஓடியது. மதிப்பெண் மாறவில்லை. அவள் என்னைக் குறை சொல்லவுமில்லை, அதுதான் உறுத்துகிறது.