படகு வைத்திருப்பவர் ஏழையாவாரா?



சென்ற தடைக்காலத்தில் எங்கள் ஜகாத் குழுவின் முன் ஒரு விண்ணப்பம் வந்தது. முட்டம் துறைமுகத்தில் நிற்கும் சிறிய விசைப்படகு ஒன்றின் விஞ்ச் பழுதாகிவிட்டது என்றும், புதியது வாங்க உதவி தேவை என்றும் நம் சகோதரர் ஒருவர் எழுதியிருந்தார். வாசித்து முடிக்கும் முன்னரே மறுப்பு எழுந்தது. "படகே வைத்திருக்கிறார், அவருக்கு எதற்கு ஜகாத்? அரிசி வேண்டுமானால் கொடுப்போம்" என்றார் பெரியவர் ஒருவர்.

இந்தக் கேள்வி புதியதன்று. ஹிள்ரு (அலை) அவர்கள் ஒரு படகைப் பழுதாக்கிய நிகழ்வை நாம் ஜுமுஆ நாளில் ஓதுகிறோம். கஹ்ஃபு அத்தியாயத்தின் 79ஆம் வசனம் அந்தப் படகுக்காரர்களைக் கடலில் உழைக்கும் மிஸ்கீன்கள் என்றே குறிப்பிடுகிறது. படகு உடைமையாக இருந்தும் அவர்கள் மிஸ்கீன்களே. ஃபகீரைவிட மிஸ்கீன் சற்று மேலான நிலையிலுள்ளவர் என்பதற்கு இமாம் ஷாஃபிஈ (ரஹ்) இந்த வசனத்தையே ஆதாரமாகக் கொண்டார்கள். ஹனஃபீ அறிஞர்கள் இவ்விரு சொற்களுக்கும் மறுதலையாகப் பொருள் கொண்டாலும், தொழிற்கருவி வைத்திருப்பதால் மட்டும் ஒருவர் ஜகாத் பெறும் தகுதியை இழப்பதில்லை என்பதே அவர்களுடைய நிலைப்பாடும். இமாம் நவவீ (ரஹ்) தம் மஜ்மூஃ நூலில் இன்னும் ஒரு படி செல்கிறார்கள். தொழில் தெரிந்த ஏழைக்கு அவருடைய தொழிற்கருவியை வாங்கும் அளவுக்குக் கொடுக்க வேண்டும், அதன் விலை குறைவாயினும் அதிகமாயினும் சரியே என்பது அவர்கள் தரும் சட்டம்.

சட்டம் தெளிவாயிற்று. ஆயினும் விஞ்ச் என்றால் என்ன, அது இல்லாமல் படகு ஓடாதா என்பதைக் குழுவில் எவரும் அறிந்திருக்கவில்லை. எனவே மூவர் முட்டத்துக்குப் புறப்பட்டோம். (கன்னியாகுமரியை ஒட்டிய சின்னமுட்டம் வேறு ஊர். அங்கே கிழக்குக் கரைக்குரிய தடை ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடிந்துவிடும். முட்டம் மேற்குக் கரையைச் சேர்ந்தது. இங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்.) நாங்கள் சென்றபோது ஜூலை பிறந்திருந்தது. தடை நீங்கிய முதல் வாரங்களின் மீன்பாட்டை நம்பியே மீனவர் கடன் வாங்குகின்றனர். ஆகஸ்டு முதல் நாளில் மற்றப் படகுகளோடு இறங்க முடியாதவருக்குக் கடன்காரர் தவணை தருவதில்லை.

விஞ்சில் இரண்டு இரும்பு உருளைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் எஃகுக் கயிறு சுற்றப்பட்டிருந்தது. என்ஜினின் விசை பெல்ட்டு வழியாகவும் சங்கிலி வழியாகவும் வந்து உருளைகளைச் சுழற்றும். கயிறுகளின் மறுமுனையில் மடியின் வாயை விரித்துப் பிடிக்கும் இரண்டு பலகைகள் இருக்கும். கரைமடியைப் பத்திருபது பேர் கூடி நின்று கையால் இழுப்பதை நாம் பார்த்திருக்கிறோம். நடுக்கடலில் ஐந்தாறு பேரால் அது இயலாது. விஞ்ச் நின்றால் கடலுக்குள் விட்ட மடியை மீட்க வழியில்லை.

பழைய விஞ்சில் பற்சக்கரங்கள் தேய்ந்து, பிரேக் பட்டை பிடிப்பற்றுப் போயிருந்தது. பாரம் ஏறிய வேளையில் பிரேக் நழுவினால் உருளை தானாகச் சுழன்று கயிற்றைக் கக்கும். அருகில் நிற்பவரின் கையோ காலோ அதில் சிக்கினால் என்னவாகும் என்று மெக்கானிக் சொல்லவில்லை. தம் இடக்கையை உயர்த்திக் காட்டினார். அதில் இரண்டு விரல்கள் இல்லை.

அவரே தளத்தை உளியால் குத்திக் காட்டினார். "உஸ்தாதே, கீழ மரம் செத்துப்போச்சு. இதுல புது விஞ்ச வச்சா, அது மரத்தையும் பிடுங்கிக்கிட்டு வரும்" என்றார். போல்ட்டுத் துளைகள் வழியே உப்புநீர் இறங்கி, பலகையும் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் உளுத்திருந்தன. அவற்றை மாற்றி, தளத்தின் அடியில் இரும்புத் தகடு கொடுத்து, இழுவிசை ஒரே இடத்தில் விழாமல் பரவச் செய்து, துளைகளைப் பசையிட்டு அடைத்த பின்னரே விஞ்சை முடுக்க வேண்டுமாம். விண்ணப்பத்தில் இந்த மரவேலை இல்லை. அதையும் தேவையின் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். கருவியைக் கொடுத்துவிட்டு அது நிற்கும் தளத்தைக் கொடுக்காவிட்டால் கொடுத்ததற்குப் பொருளில்லை.

புறப்படும் நேரத்தில்தான் சிக்கல் தெரியவந்தது. படகு இருவருடைய பங்கு. மற்றவர் முட்டத்தைச் சேர்ந்த கிறிஸ்தவர். கடமையான ஜகாத்தை முஸ்லிம்களுக்கே கொடுக்க வேண்டும், ஆனால் விஞ்சைப் பாதியாகப் பிரிக்க இயலாது. செலவைத்தான் பிரிக்கலாம். சகோதரரின் பாதிக்கு மட்டும் ஜகாத் நிதியிலிருந்து கொடுப்பதென முடிவாயிற்று. நாங்களே பொருள் வாங்கி இறக்கவில்லை. பணத்தை அவர் கையில் கொடுத்து அவருடைய உடைமையாக்கினோம், அவர் வாங்கினார். கூட்டாளி தம் பாதியைத் தாமே கொண்டுவருவதாகச் சொன்னார். அதில் குறைந்த தொகைக்கு எங்களில் சிலர் தனிப்பட்ட ஸதகாவிலிருந்து கொடுத்தோம். உபரியான தர்மத்தைப் பிற சமயத்தவருக்குக் கொடுக்கத் தடையில்லை. அவர் தயங்கினார். "பாய், இது கடனா?" என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்றதும் வாங்கிக்கொண்டார்.

"அரிசி கொடுப்போம்" என்ற பெரியவரே அந்த ஸதகாவில் முதல் தொகையை எழுதியவர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஜூலை கடைசி வாரத்தில் விஞ்ச் பொருத்தப்பட்டது. வெறும் உருளையைச் சுழற்றிப் பார்த்தார்கள். பிறகு கயிற்றின் முனையைத் துறைமுகத் தூணில் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். தளம் முனகவில்லை. தடை நீங்கிய நாளில் படகு இறங்கியது. பழைய விஞ்ச் இரும்பு விலைக்குப் போனது, கிடைத்ததை இருவரும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். தம் பாதியை ஜகாத் நிதியில் திருப்பிச் செலுத்த வேண்டுமா என்று சகோதரர் தொலைபேசியில் கேட்டார். வேண்டியதில்லை, அது உங்களுடையது என்றோம். "அப்ப பிள்ளைக்கு குர்ஆன் ரெஹால் வாங்கிருதேன் உஸ்தாத்" என்றார்.