இவ்வாரம் நம் மனத்தில் நின்றவை

இவ்வாரம் பார்த்தவற்றுள், கேட்டவற்றுள், உடுத்தவற்றுள் உள்ளத்தில் தங்கியவை எவை என்று நம் பங்கு இளைஞர் தங்களுக்குள் உரையாடிக்கொண்டிருந்தனர். அவ்வழியே சென்ற நம்மையும் நிறுத்தி, "ஃபாதர், உங்களுக்குப் பிடித்தவை எவை?" என வினவினர். திரைப்படத்தைப் பற்றியும் சேலையைப் பற்றியும் குருவானவர் ஒருவர் கருத்துரைப்பது தகுமோ எனப் பெரியோர் சிலர் ஐயுறக்கூடும். 25 ஆண்டுகளுக்கு மேலாக வெள்ளை அங்கியே கதியென்று வாழும் நமக்கு உடை நாகரிகத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்பின், அதுவும் நியாயமே. ஆயினும் மக்கள் எதைக் கண்டு மகிழ்கின்றனர், எதை விரும்பி அணிகின்றனர் என்பதை அறியாதவன் அவர்தம் இல்லத்தை எங்ஙனம் அறிவான்? ஆகவே விடை கூறுவோம்.

கேட்டவற்றுள் முதலிடம் நாகசுரத்திற்கு. புதன்கிழமை பிற்பகல் மின்சாரம் நின்றுவிட, பேட்டரியில் இயங்கும் பழைய வானொலிப் பெட்டியைத் திருகினோம். காருகுறிச்சி அருணாசலத்தின் வாசிப்பு ஒலித்தது. நெல்லைச் சீமையின் சிற்றூர் ஒன்றில் 1921-இல் பிறந்து, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்று, 1964-இல் தம் நாற்பத்து மூன்றாம் அகவையிலேயே மறைந்தவர் அவர். 1962-இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்த அவரது ஆபேரி இராகத்தைக் கேளாத தமிழ்ச் செவி அரிது. குரல் எது, குழல் எது எனப் பிரித்தறிய இயலாத இடங்கள் அதில் உண்டு. இன்றைய திருமண மண்டபங்களிலோ, எதிரில் அமர்ந்திருக்கும் சம்பந்தியிடம் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்பதற்கும் காதருகே வாயை வைக்கவேண்டிய அளவுக்கு ஒலிபெருக்கிகள் முழங்குகின்றன. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் பக்கம் போதாது, விட்டுவிடுவோம்.

பார்த்தவற்றுள் நம்மை ஆட்கொண்டது ‘வீடு’. வெள்ளிக்கிழமை இரவு பங்கு மண்டபத்தில் வெள்ளைத் திரை கட்டி இளைஞர் அதனைக் காட்டினர். பாலு மகேந்திரா இயக்கி 1988-இல் வெளிவந்த படம். சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதை அது பெற்றது. அதில் நடித்த அர்ச்சனா நாட்டின் சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றார். பாட்டு இல்லை, சண்டை இல்லை. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால், தாத்தாவோடும் தங்கையோடும் வாழும் அலுவலகப் பெண் ஒருத்தி சென்னையில் சொந்தமாக ஒரு சிறு வீடு கட்ட முனைகிறாள். கதை அவ்வளவே. இதை இரண்டு மணி நேரம் யார் பார்ப்பர் என எண்ணிப் பின்வரிசையில் கதவோரம் அமர்ந்த சிலர் இறுதிவரை எழவில்லை.

காரணம் எளிது. அங்கே அமர்ந்திருந்தோரில் பாதிப்பேர் அக்கதைக்குள் வாழ்ந்தவர்கள். கடனுக்கு எழுதிக் கொடுத்து, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, கையெழுத்து வாங்குவதற்கும் கைநீட்டுவோர்க்குக் கொடுத்து, நகையை விற்று, மழைக்கு அஞ்சி, பாதிச் சுவரோடு நின்றுபோன வேலையை ஏக்கத்தோடு பார்த்தவர்கள். ஒப்பந்தக்காரர் சிமெண்டு மூட்டைகளைக் கடத்தும் செய்தியைச் சித்தாள் பெண் அம்பலப்படுத்தும் காட்சி வந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த கொத்தனார் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியபின், "அந்தப் பொம்பளை சொன்னதால அவளுக்குத்தான் வேலை போகும், பாருங்க" என்று மெல்லக் கூறினார். கூலியாளின் வாய்மைக்கு உலகம் என்ன விலை கொடுக்கும் என்பதை அவர் நாற்பது ஆண்டுச் சாரத்தின்மேல் நின்று கற்றிருக்கிறார்.

சொக்கலிங்க பாகவதர் என்னும் முதுபெரும் நாடகக் கலைஞர் தாத்தாவாக வருகிறார். வளர்ந்துவரும் வீட்டை ஒருமுறை காணவேண்டுமென்று வெயிலில் குடையோடு தனியே பேருந்தேறிச் செல்கிறார். பூசாத சுவரைத் தடவிப் பார்க்கிறார். அன்றே அவர் வாழ்வு முடிகிறது. அதன்பின் வருவது அதனினும் கொடிது: அந்நிலம் குடிநீருக்கென முன்னரே அரசு வாரியத்தால் கையகப்படுத்தப்பட்டதாம்! அனுமதி வழங்கியதும் ஓர் அலுவலகம், நிலத்தை எடுத்ததும் ஓர் அலுவலகம். இடையில் நிற்பவள் ஒரு பெண். நீதிமன்றத்தில் அவள் காத்திருப்பதோடு படம் நின்றுவிடுகிறது. "தீர்ப்பு என்ன ஆயிற்று?" என்று சிறுவன் ஒருவன் உரக்கக் கேட்டான். மண்டபத்தில் ஒருவரும் விடை கூறவில்லை.

வாசித்தது பழைய நூல். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் அச்சேறியது. தமிழின் முதல் நாவல் எனப் போற்றப்படுவது. முன்சீபாக நீதி வழங்கிய அக்கத்தோலிக்கர், பெண்கல்விக்காகப் ‘பெண்மதி மாலை’யும் பாடியவர். நாவலில் நமக்கு மிகவும் பிடித்தவள் ஞானாம்பாள். கணவனைத் தேடி ஆணுடையில் புறப்பட்டு, அவ்வுடையிலேயே ஒரு நாட்டை ஆளுகிறாள். அறிவு அவளிடம் முன்னரே இருந்தது. அதற்கு ஊரார் செவிசாய்க்க அவள் உடையை மாற்றவேண்டியிருந்தது. சிரித்துக்கொண்டே படிக்கவேண்டிய இடம்தான். ஆனால் நம் சிரிப்பு நெடுநேரம் நீடிக்கவில்லை. ஏனெனில் அவ்வாரமே ஓர் உடை காரணமாக நம் இல்லத்துக்கு வழக்கொன்று வந்திருந்தது.

அதுவே உடுத்தவற்றுள் நாம் விரும்பியது: ஒரு மதுரைச் சுங்குடிச் சேலை. அரக்குச் சிவப்பு, உடலெங்கும் வெள்ளைப் புள்ளிகள். சௌராட்டிர மக்கள் மதுரையில் பேணிவரும் கைத்தொழில் இது. பருத்தித் துணியைச் சிறு சிறு முனைகளாகக் கிள்ளி நூலால் இறுக முடிந்து, சாயத்தில் தோய்த்து, உலர்ந்தபின் முடிச்சுகளை அவிழ்ப்பர். முடிந்த இடத்தில் சாயம் ஏறாது. அங்கே புள்ளி பிறக்கும். வீட்டுவேலைக்கு இடையே பெண்களின் விரல்கள் ஆயிரக்கணக்கில் இடும் முடிச்சுகள் அவை. 2005-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் கடைகளில் சுங்குடி என விற்பவற்றுள் பல அச்சிட்டவையே. புள்ளிகள் யாவும் ஒரே அளவில், வட்டமாக, அணிவகுத்து நின்றால் அச்சு என்று கொள்க. சற்றே கோணலாக, ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தால் கை என்று கொள்க.

இச்சேலையை மதுரையில் வேலைபார்க்கும் பேத்தி, தன் முதல் சம்பளத்தில் பாட்டிக்கு வாங்கிவந்தாள். பாட்டி கணவரை இழந்து 17 ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து வெள்ளைச் சேலைதான். ஞாயிற்றுக்கிழமை அவர் சிவப்பில் கோவிலுக்கு வந்தார். பெண்கள் வரிசையில் தலைகள் திரும்பின. மாலையில் மூத்த மகன் நம்மிடம் வந்தார். கெட்டவர் அல்லர், தாயைப் பேணுபவர். "வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிற நேரம் சாமி, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், நீங்கள் சொன்னால் அம்மா கேட்பார்கள்" என்றார்.

நாம் சொல்ல மறுத்தோம். கைம்பெண் வெள்ளை உடுத்தவேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தில் எங்கும் இல்லை. பவுலடியார் திமொத்தேயுவுக்கு எழுதுகையில் கைம்பெண்களைப் பற்றி நிறையவே பேசுகிறார். துணியின் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. யூதித்து கைம்பெண்ணுக்குரிய ஆடையைக் களைந்து விழாக்கால உடை பூண்டதை நம் விவிலியமே கூறுகின்றது. (அதன்பின் அவர் பகைவர் படைத்தலைவனை என்ன செய்தார் என்பதை மகனுக்கு நினைவூட்ட வேண்டாமென விட்டுவிட்டோம்!) நாமும் வெள்ளை உடுத்துகிறோம். ஆயின் குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பார்த்து, வேண்டாமென்றால் திரும்பிச் செல்லவும் வழியிருக்க, விரும்பி அணிந்த வெள்ளை இது. அவர்மீது அவ்வெள்ளை ஒரே பகலில், அழுதுகொண்டிருந்த வேளையில், எவரும் கேளாமலே போர்த்தப்பட்டது. இரண்டும் ஒரே நிறம் ஆகுமோ? இதனை மகனிடம் கூறினோம். தலையசைத்தார், ஆனால் முகம் தெளியவில்லை. மணப்பேச்சுக்கு வருவோரிடம் என்ன விடை சொல்வது என்னும் கவலை இன்னும் அவருக்கு உண்டு, அதனை எளிதெனக் கொள்ள நமக்கு மனமில்லை. சம்பந்தி வீட்டார் வரும் நாளில் வந்து அமருமாறு நம்மை அழைத்திருக்கிறார், செல்வோம்.

சனிக்கிழமை வீடு சந்திப்பின்போது அம்மூதாட்டியைக் கண்டோம். கொடியில் சேலை காய்ந்துகொண்டிருந்தது. மகனைப் பற்றி நாமும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. "கல்லுப்பு போட்டு ராத்திரி முழுக்க ஊற வச்சேன் சாமி, தண்ணிதான் கொஞ்சம் செவந்துச்சு, சேலை வெளுக்கல" என்று முந்தானையை எடுத்து நம்மிடம் காட்டினார்.