கொதிகலனுக்குத் தண்ணீர் ஊட்டிய கதை

என் வலது கையில் உள்ள தழும்பு எப்படி வந்தது என்று பல பேர் கேட்டிருக்கிறீர்கள். அதையும், அதற்குப் பிறகு நான் செய்த ஒரு சின்னப் பம்பைப் பற்றியும் எழுதுகிறேன்.

என் மாமா லேத் பட்டறை வைத்திருக்கிறார். போன வருடம் செம்புக் குழாயில் ஒரு சின்னக் கொதிகலனும், அதில் ஓடும் நீராவி என்ஜினும் செய்து கொடுத்தார். சாராய விளக்கைப் பற்ற வைத்தால் சக்கரம் கிறுகிறுவென்று சுற்றும். ஆனால் பத்து நிமிடத்தில் 60 மில்லி தண்ணீர் ஆவியாகிவிடும். தண்ணீர் தீர்ந்து வெறும் பாய்லர் காய்ந்தால் பற்றவைத்த இடம் விட்டுப்போகும். ஒரு நாள் தண்ணீர் குறைந்ததைப் பார்த்து அவசரப்பட்டு, ஆவி இருக்கும்போதே மேல் மூடித் திருகைத் திறந்துவிட்டேன். புஸ்ஸென்று ஆவி அடித்து கை வெந்து போச்சு. தப்பு என்னுடையதுதான். அம்மா அழுதுகொண்டே, "இனிமே அந்தச் சனியன் பக்கமே போகக்கூடாது" என்று பாய்லரைப் பரண் மேல் போட்டுவிட்டார்.

மூன்று மாதம் கழித்து மாமாவிடம் கேட்டேன். "ஏனுங்க மாமா, மூடியைத் திறக்காமலே தண்ணி விட முடியாதுங்களா?" மாமா சிரித்தார். "ரயில் என்ஜின்ல மூடியத் தொறந்தா தண்ணி ஊத்தறாங்க? பம்பு செய்யி கண்ணு."

எங்கள் பாய்லரில் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ அழுத்தம் இருக்கும். வீட்டுக் குக்கரில் ஏறக்குறைய 1 கிலோதான். உள்ளே ஆவி தள்ளுவதைவிட அதிகமாக நாம் தள்ளினால்தான் தண்ணீர் உள்ளே போகும். பம்பு பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்து 20 மில்லிமீட்டர் தடிமனில் படம் வரைந்தேன். மாமா கணக்குப் போடச் சொன்னார். பரப்பளவு 3.14, அதை 2 ஆல் பெருக்கினால் ஆறு கிலோவுக்கு மேல் அழுத்த வேண்டும்! 6 மில்லிமீட்டர் கம்பி என்றால் அரை கிலோவுக்குச் சற்றே அதிகம். ஒரு தடவைக்கு முக்கால் மில்லி கூடப் போகாது. ஆனால் நிமிடத்துக்கு 9 தடவை அழுத்தினால் போதும், ஆவியாகிற தண்ணீர் ஈடாகிவிடும். வட்டத்தின் பரப்பளவு எதற்கு உதவும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பம்பு ரொம்ப எளிது. பித்தளைத் துண்டில் ஒரு துளை, அதில் போய் வரும் கம்பி, இரண்டு வால்வு. வால்வு என்பது துளை மேல் உட்கார்ந்த சைக்கிள் பால்ரஸ் குண்டுதான். கம்பியை இழுத்தால் கீழ்க் குண்டு எழும்பித் தண்ணீர் வரும். அழுத்தினால் கீழ்க் குண்டு மூடி, மேல் குண்டு திறந்து தண்ணீர் பாய்லருக்குப் போகும். கம்பியைச் சுற்றி ஒழுகாமல் இருக்க கிரீஸ் தடவிய நூல் திரி சுற்றினோம்.

டம்ளரில் வைத்து அடித்தேன், பீச்சியடித்தது. பாய்லரில் மாட்டினால் ஒரு சொட்டு கூடப் போகவில்லை! இரண்டு ஞாயிற்றுக்கிழமை போச்சு. நூலை மாற்றினோம், குண்டை மாற்றினோம். நடக்கவில்லை. "நீயே கண்டுபிடி" என்று மாமா வேலைக்குப் போய்விட்டார்.

வீட்டில் ஒரு பழைய ஊசி சிரிஞ்சு கிடந்தது. அதில் காற்றை இழுத்து முனையை விரலால் அடைத்து அழுத்தினேன், உள்ளே போனது. விட்டால் திரும்பி வந்தது. தண்ணீரை இழுத்து அழுத்தினேன், அசையவே இல்லை. அப்போதுதான் புரிந்தது. என் பம்பில் கம்பி முனைக்கும் வால்வுக்கும் நடுவில் விரல் அகலம் இடம் இருந்தது. அங்கே நின்ற காற்று சுருங்கி விரிந்ததே தவிர, மேல் குண்டைத் திறக்கவில்லை. கம்பியை நீளமாக்கி இடைவெளியைக் குறைத்தோம். காற்று வெளியேற, மேல் வால்வை உச்சியில் வைத்தோம். அவ்வளவுதான்!

இதில் இன்னொரு நன்மை. தீயே இல்லாமல் பாய்லரை முழுக்கத் தண்ணீரால் நிரப்பி, அதே பம்பால் 4 கிலோ வரை அழுத்தினோம். வேலை செய்யும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு. பாய்லர் உடைந்தாலும் குளிர்ந்த தண்ணீர் ஆவி மாதிரி வெடித்துச் சிதறாது, ஒழுகும். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். பத்து நிமிடம் முள் அசையவில்லை. அம்மா என் கையைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். "சரி, பத்த வை. நானும் இங்கதான் இருப்பேன்" என்றார்.

என்ஜின் ஓடும்போதே அழுத்தினேன். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. குளிர்ந்த தண்ணீர் போனதால் அழுத்தம் சிறிது குறைந்து பிறகு சரியானது. அன்றைக்கு அரை மணி நேரம் ஓடியது. மூடியைத் தொடவே இல்லை.

ஆரம்ப கால ரயில் என்ஜின்களில் சக்கரம் ஓடினால்தான் பம்பும் ஓடுமாம். தண்ணீர் ஏற்றுவதற்காகவே என்ஜினை முன்னும் பின்னும் ஓட்டுவார்களாம். 1858இல் பிரான்ஸ் நாட்டு கிஃபார்ட் என்பவர், ஆவியின் வேகத்தாலேயே தண்ணீரை உள்ளே தள்ளும் இன்ஜெக்டரைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு நின்ற இடத்திலேயே தண்ணீர் ஏற்றுவது எளிதானது.

பம்பை அறிவியல் ஆசிரியரின் மேஜை மேல் வைத்திருக்கிறேன். எல்லாரும் அழுத்திப் பாருங்கள். வீட்டில் ஆவி அடங்கும் முன் குக்கர் மூடியை மட்டும் திறக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் என் கையைப் பாருங்கள்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி