பௌர்ணமிக்குக் கார்ல வர்றவங்களுக்கு

பௌர்ணமி அன்னிக்கு எங்க ஊர்ல சாயங்காலம் சொசைட்டில பால் ஊத்தினவங்க யாரும் நின்னு கதை பேசறதில்ல. கேனை சைக்கிள்ல மாட்டினதும் கிளம்பிடுவாங்க. இருட்டுறதுக்குள்ள ரோட்டை விட்டு இறங்கிடணும்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அன்னிக்கு வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திடறதால நடக்கறவங்களுக்கு ஆபத்து குறைவு. ஆனா பெங்களூர்ல இருந்து வர்ற கார்கள் ஊத்தங்கரை, செங்கம் வழியாவும், சென்னைக் கார்கள் திண்டிவனம், செஞ்சி வழியாவும் எங்களை மாதிரி கிராமங்களைத் தாண்டித்தான் வரணும். உங்களுக்கு அது ஹைவே. எங்களுக்கு அது வீட்டுக்கும் கொல்லைக்கும் நடுவுல இருக்கற வரப்பு.

2023 அக்டோபர்ல செங்கம் பக்கத்துல பத்து நாளுக்குள்ள ரெண்டு விபத்து. ஒவ்வொண்ணுலயும் ஏழு உயிர் போச்சு. பேப்பர்ல பெருசா வந்துச்சு. சைக்கிள்காரர் அடிபட்டா ரெண்டு வரிச் செய்தியோட முடிஞ்சுடும்.

கார் ஓட்டறவங்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன். எண்பதுல போற வண்டி ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் ஓடும். கண்ணு பார்த்து கால் பிரேக்குக்குப் போகவே அந்த ஒரு செகண்டு ஆயிடும். அதுக்கப்புறம் பிரேக் பிடிச்சு நிக்கறதுக்குள்ள மொத்தமா அம்பது மீட்டருக்கு மேல போயிடும். டிம் லைட் வெளிச்சம் எட்டறதோ சுமார் நாப்பது மீட்டர்தான். பின்னாடி லைட் இல்லாத சைக்கிள் கண்ணுல படும்போதே நேரம் கடந்திருக்கும்.

இன்னொண்ணு, லாரியை முந்தறப்ப எதிர்ல பஸ் வந்தா காத்திருக்கறவங்க, சைக்கிள் வந்தா காத்திருக்கறதில்ல. லைட்டை அடிச்சுக் காட்டுவாங்க. 'இறங்கிக்கோ'ன்னு அர்த்தம். எங்க இறங்கறது? தார் மேல தார் போட்டு ரோடு உசந்துடுச்சு, ஓரத்து மண்ணு அரை அடி கீழே கிடக்கு. கேரியர்ல புல்லுக்கட்டு வெச்சிருக்கறவர் சட்டுனு இறக்கினா ஹேண்டில் திரும்பி விழவேண்டியதுதான். பின்னால கிட்ட வந்து ஹாரன் அடிச்சாலும் இதே கதிதான்.

பிளஸ் ஒன் பிள்ளைங்களுக்கு அரசாங்கம் சைக்கிள் கொடுக்குது. எங்க தெருவுல ரெண்டு வீட்ல அது திண்ணையிலேயே நிக்குது. ஸ்பெஷல் கிளாஸ் முடிய இருட்டிடும்னு பொண்ணுங்களை ஷேர் ஆட்டோல அனுப்பறாங்க. காசு கொடுத்து, நேரம் பார்த்துக் காத்திருந்து போறதுங்க. தன் காலால மிதிச்சுப் போற சுதந்திரம் போயிடுச்சு.

அடிச்சுட்டு நிக்காம போன வண்டியைக் கண்டுபிடிக்க முடியலைன்னா, இறந்தவர் குடும்பத்துக்கு சட்டப்படி 2 லட்சம் ரூபாய். 2022 ஏப்ரலுக்கு முன்னாடி 25 ஆயிரமா இருந்துச்சு. அதை வாங்க ஒரு விவசாயி வீட்டம்மா எத்தனை தடவை ஆபீஸ் படி ஏறணும்!

அதனால கேட்டுக்கறேன். ஊர் பேர்ப்பலகை தெரிஞ்சா வேகத்தைக் குறைங்க. சைக்கிளைத் தாண்டறப்ப ஒரு ஆள் படுக்கற அளவு இடம் விடுங்க. எதிர்ல சைக்கிள் வந்தாலும் டிம் பண்ணுங்க. யாராவது அடிபட்டுக் கிடந்தா நிறுத்தி 108க்கு கூப்பிடுங்க. முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கு. உதவி செஞ்சவங்களை பேர் சொல்லச் சொல்லி கட்டாயப்படுத்தக் கூடாதுன்னும் சட்டம் இருக்கு.

எங்க பக்கமும் வேலை இருக்கு. மட்கார்டுல ஒட்டற சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒரு கட்டு வாங்கி சொசைட்டில வெச்சிருக்கோம். பால் கேனுக்கும் ஒரு துண்டு ஒட்டிடறோம். அடுத்த பௌர்ணமிக்கு நீங்க வர்றப்ப லைட் வெளிச்சத்துல சிவப்பா ஏதாவது மின்னினா, அங்க ஒரு ஆள் சைக்கிள் மிதிச்சுட்டு வீட்டுக்குப் போறார்னு தெரிஞ்சுக்கங்க.