ஹட்டனில் வாட்டர்லூ

நேத்து மழை. கரண்டும் இல்ல.
அக்கா மகன் சாப்பாட்டு மேசையில வாட்டர்லூ சண்டையை விரிச்சிட்டான்.

பெட்ஷீட்டுக்குக் கீழ ஓ/எல் பாஸ்ட் பேப்பர் புத்தகங்கள். அதுதான் வெலிங்டனோட மேடு.
அட்டையில வெட்டுன சிப்பாய்ங்க. ரெண்டு தாயக்கட்டை.

நான் நெப்போலியன்.

"மாமா, ராத்திரி பூரா மழை. நிலம் சேறு. குதிரைக்குப் பாதித் தூரந்தான். பீரங்கிக் குண்டு துள்ளாது, புதைஞ்சிரும்."

1815 ஜூன் 18லயும் இதே கதைதான். நிலம் காயட்டும்னு நெப்போலியன் பகல் 11.30 மட்டும் காத்திருந்தாரு.
ஹட்டன்காரன்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பான், அது காயாதுன்னு.

வெலிங்டன் ஆளுங்க மேட்டுக்குப் பின்னால பதுங்கிக் கிடந்தாங்க. என் பீரங்கிக்குப் புத்தகம் மட்டுந்தான் தெரிஞ்சிச்சு. சாயங்காலம் பிரஷ்யப் படையும் வந்திரிச்சு.

முடிஞ்சிச்சு.
பாஸ்ட் பேப்பர்கிட்ட எனக்கு இது முதல் தோல்வி இல்ல 😀

அந்த மேசையில எட்வர்ட் பார்ன்ஸும் இருந்தாரு. வெலிங்டனோட அட்ஜுடன்ட் ஜெனரல். அந்தச் சண்டையில காயப்பட்டவர்.
1824ல இங்க ஆளுநர். கொழும்பு-கண்டி ரோடு, கோப்பித் தோட்டம் எல்லாம் அவர் காலத்துல வளந்ததுதான். நுவரெலியாவில அவர் கட்டுன வீடுதான் இன்னைக்கு கிராண்ட் ஹோட்டல்.

அவருக்கு ஒரு அட்டைப் பொம்மை இருக்கு.
கோப்பிக்காக மன்னார்ல இறங்கி மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்த நம்ம ஆளுங்களுக்கு?

அந்த நடையையும் மேசையில விரிச்சுப் பாக்கணும்.
உங்க வீட்டுப் பெரியவங்க அந்த வழியைப் பத்தி ஏதாச்சும் சொல்லியிருக்காங்களா?