காத்திருப்பின் பதிவு

சாவுக்குச் சடலம் மிஞ்சுகிறது. காத்திருப்புக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. தாயில்பட்டியில் நான் எழுதும் வங்கிக் கணக்கிலும் எடுத்த பணம்தான் ஏறுகிறது. அதற்காக வரிசையில் நின்ற பட்டாசுத் தொழிலாளியின் அரைநாள் கூலி எங்கும் ஏறுவதில்லை.

2001இல் இஸ்ரேலியப் பெண்கள் சிலர், பாலஸ்தீனியரை ராணுவம் மறிக்கும் சாவடிகளில் போய் நின்றார்கள். யாரை நிறுத்தினார்கள், எவ்வளவு நேரம், என்ன காரணம் சொன்னார்கள் என்று குறித்துவைத்தார்கள். 'மஹ்சோம் வாட்ச்' என்று பெயர். மஹ்சோம் என்றால் ஹீப்ருவில் சோதனைச்சாவடி. கவனித்தது தம் சொந்த ராணுவத்தை என்பதுதான் விஷயம்.

நம்மவரிடையே இதற்கு நெருக்கமாக வருவது, யாழ்ப்பாணத்தில் 1988இல் உருவான மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு. இலங்கை ராணுவம், இந்திய ராணுவம், புலிகள் என்று ஒருவரையும் அது விட்டுவைக்கவில்லை. அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ராஜனி திராணகம 1989 செப்டம்பர் 21இல், சைக்கிளில் வீடு திரும்புகையில் சுட்டுக்கொல்லப்பட்டார். பதிவு நிற்கவில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறப் புலிகளிடம் 'பாஸ்' வாங்கவேண்டியிருந்ததையும் அது எழுதியது.

ஆவணம் இலக்கியமாகாது என்று நம் வட்டத்தில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தன் தரப்புத் துப்பாக்கியின் முன்னால் நின்று நேரத்தைக் குறிக்கும் அந்த வெறும் வாக்கியத்துக்கு ஈடான உரைநடையை நாம் இன்னும் எழுதவில்லை என்றே எனக்குப் படுகிறது.